மூக்கு எங்கே இருக்கிறது? மலையகத்திலிருந்து பைட்டோசோர் படிக்கத் தொடங்குவோருக்கு

"சேர், இது முதலைதானே?" என்று போனை நீட்டாத பிள்ளை எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் இல்லை. நீண்ட வாய், முதுகில் வரிசையாகத் தட்டுகள், பாதி உடம்பு தண்ணீருக்குள். யார் பார்த்தாலும் முதலை என்றுதான் சொல்வார்கள். படத்துக்குக் கீழே பைட்டோசோர் என்று எழுதியிருக்கும். முதலையைப் போலவே வாழ்ந்து, 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் ஒன்றுகூட மிஞ்சாமல் போய்விட்ட வேறொரு குடும்பம் அது. இன்று உயிரோடு இருக்கும் எந்த முதலையும் அதன் வாரிசு கிடையாது.

இந்தக் குடும்பத்தைப் பற்றி ஆசையாகக் கேட்டவர்களுக்குச் சனிக்கிழமைகளில் நான் சொல்லிக்கொடுத்ததை, சொன்ன வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ மஸ்கெலியாவிலோ இருந்துகொண்டு, நூலகமும் ஆய்வுகூடமும் பக்கத்தில் இல்லாமல் தொடங்குகிறவருக்கானது இது. ஒரு கொப்பி, பென்சில், பத்து மீற்றர் நைலோன் கயிறு, இரண்டு கிம்புலா பணிஸ், கொஞ்சம் மிளகு, நாலு கராம்பு, இரண்டு ஸ்ட்ரோ. செலவு அவ்வளவுதான். பணிசை மட்டும் அன்றைக்கே வாங்குங்கள்.

முதல் படி: அலவாங்கைக் கீழே வையுங்கள்

ஆர்வம் வந்ததும் எல்லோரும் செய்கிற முதல் வேலை, தோட்டத்து ரோட்டோரம் வெட்டிவிட்ட மண்மேட்டைக் குடைவது. தயவுசெய்து வேண்டாம். மழைக்காலத்தில் நம் பக்கத்து மேடுகள் எப்படிச் சரியும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படி உயிரைப் பணயம் வைத்துக் குடைந்தாலும் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை.

காரணம் கல்லில் இருக்கிறது. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைய உருமாறிய பாறை. அதிலும் மலைநாட்டுப் பாறைகள் பூமிக்கடியில் இருபது, முப்பது கிலோமீற்றர் ஆழத்தில், 700, 800 பாகை செல்சியசுக்கு மேலான சூட்டில் வெந்து உருமாறியவை. அது நடந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன். பைட்டோசோர்கள் உலகத்துக்கு வந்ததே 23, 24 கோடி ஆண்டுகளுக்கு முன்தான். ஆக, அவை பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே நம் பாறை வெந்து முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆறும் குளமும் படியவிட்ட சேறு இறுகி உண்டான பாறை வேண்டும், அதில்தான் எலும்பு தங்கும். அந்தக் காலத்துப் படிவு மலைநாட்டில் கிடையாது.

கவ்வாத்துக் காலத்தில் தேயிலை மலைக்குப் போடும் டொலமைட் தூள் இருக்கிறதே, அது கண்டி, மாத்தளைப் பக்கத்துச் சலவைக்கல்லை அரைத்தது. சுண்ணாம்புக்கல் வகைதானே, உயிர்ச்சுவடு இருக்காதா என்று ஒரு பிள்ளை கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் அது படிந்த காலத்தில் எலும்புள்ள பிராணி எதுவும் உலகத்தில் இல்லை, படிந்ததும் பிறகு வெந்துவிட்டது. அடிப்பிடித்த சோற்றில் எது எந்த வயல் அரிசி என்று தேடுகிற கதைதான்.

நானும் இதில் ஏமாந்தவன். உயர்தரம் படிக்கும்போது ஓடையில் ஒரு தட்டைக் கல் எடுத்தேன். அதில் கறுப்பு நிறத்தில் அச்சு அசலாகப் பெரணி இலை. இரண்டு இரவு தூக்கமில்லை. டவுனில் ஓர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன், மூன்று மாதம் வைத்திருந்துவிட்டு "கல்" என்று ஒரே சொல்லில் திருப்பித் தந்தார்கள். ஏன் கல் என்று யாரும் சொல்லவில்லை. பிறகு பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன், கல்லின் வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கும்போது மங்கனீசு ஒட்சைட்டு இப்படிக் கிளை கிளையாகப் படியும் என்று. உங்களுக்கும் அப்படி ஒரு கல் கிடைத்தால் பூதக்கண்ணாடியால் பாருங்கள். இலை என்றால் நடுநரம்பும் அதிலிருந்து பிரியும் நரம்புகளும் ஒழுங்காக இருக்கும். மங்கனீசுப் படிவில் நரம்பே இருக்காது, கிளை மட்டும் மனம்போன போக்கில் ஓடும். மினுமினுக்கும் காக்காப்பொன்னையும் செதில் என்று நினைத்துவிடாதீர்கள்.

தீவில் உயிர்ச்சுவடே இல்லை என்று அர்த்தமில்லை. இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் 'இல்லம்' என்று சொல்கிற சரளைப் படிவில் நீர்யானை, காண்டாமிருக எலும்புகள் கிடைத்திருக்கின்றன. விலங்கியலாளர் பி. ஈ. பி. தெரணியகல அவற்றைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். புத்தளத்துக்குப் பக்கத்தில் தப்போவையில் ஜுராசிக் காலத்துச் செடிகளின் சுவடுகள் உண்டு. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லில் கடற்பிராணிகள். ஆனால் இவை எல்லாமே பைட்டோசோர்கள் அழிந்த பிறகு வந்தவை. அவற்றின் ஓர் எலும்புகூட இலங்கையில் இதுவரை கிடைத்ததில்லை. இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் மற்றது சுலபம். நாம் படிக்கப்போவது பார்த்துப் பழகுகிற வித்தை, தோண்டி எடுக்கிற வித்தையல்ல.

இரண்டாம் படி: பணிசை வெட்டுங்கள்

மாலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஓட்டோவில் கிம்புலா பணிஸ் கிடைக்கும். சிங்களத்தில் கிம்புலா என்றால் முதலை. இரண்டு முனையும் கூரான, மேலே சீனி தூவிய அந்தப் பணிஸ் ஒரு மண்டையோட்டுக்கு நல்ல மாதிரி. இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இடதுபக்கம் முதலை, வலதுபக்கம் பைட்டோசோர்.

கண்களுக்கு மிளகு. இரண்டு பணிசிலும் பின்முனைக்குச் சற்று முன்னால், மேல்புறமாகப் பதியுங்கள். இதுவரை வித்தியாசம் எதுவும் இல்லை.

இப்போது மூக்குத் துவாரத்துக்குக் கராம்பு. முதலைக்கு வாயின் முன் நுனியில், மேல்புறத்தில் இரண்டும் ஒட்டினாற்போல் குத்துங்கள். பைட்டோசோருக்கு நுனியில் குத்தக்கூடாது. கண்களுக்குக் கிட்டே, அவற்றுக்குச் சற்று முன்னால், நெற்றியில் ஒரு சின்ன மேடு இருப்பதாக நினைத்து அதன் உச்சியில் குத்த வேண்டும். சில வகைகளில் அந்த மேடு எரிமலை வாய்போல் எழும்பி நிற்கும்.

முதல்நாள் வந்தவர் இதை மட்டும் மனதில் பதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாலே போதும். நுனியில் மூக்கு என்றால் முதலை. கண்ணுக்குப் பக்கத்தில் மூக்கு என்றால் பைட்டோசோர்.

அப்புறம், ஏன் அப்படி? பிள்ளைகள் எல்லோரும் "மூக்கு பின்னால் நகர்ந்துவிட்டது" என்று சொல்வார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நூலை எடுத்துப் பணிசின் மேல் கட்டிப் பாருங்கள், புரியும். மேல்வாயில் இரண்டு எலும்புகள் முக்கியம். நுனியில் இருப்பது முன்தாடை எலும்பு, அதற்குப் பின்னால் மேல்தாடை எலும்பு. மூக்குத் துவாரம் வழக்கமாக முன்தாடை எலும்பின் பின்பக்கத்தை ஒட்டி இருக்கும். முதலையில் முன்தாடை எலும்பு குட்டையானது, ஒரு பக்கத்துக்கு ஐந்து பல் அளவுதான். நீண்டது அதற்குப் பின்னால் உள்ள மேல்தாடை. அதனால் மூக்கும் நுனியோடு சேர்ந்து முன்னால் போய்விட்டது. பைட்டோசோரில் நீண்டது முன்தாடை எலும்பே. வாயின் பாதிக்கும் மேல் அதுதான். மூக்கு இருந்த இடத்திலேயே நின்றது, வாய்தான் முன்னால் ஓடியது. இரண்டு பணிசிலும் எலும்புகள் சேரும் இடத்தில் நூலைக் கட்டுங்கள்: முதலையில் நுனிக்குப் பக்கத்தில், மற்றதில் பாதியைத் தாண்டி.

இனி ஸ்ட்ரோ. மூச்சு எந்த வழியாகத் தொண்டைக்குப் போகிறது என்று பார்க்கப்போகிறோம். முதலைப் பணிசில் நுனி மூக்கிலிருந்து உள்ளே நுழைத்து, நீளவாட்டில் கடைசிவரை தள்ளுங்கள். முதலையின் வாய்க்கு மேல் எலும்பாலான இரண்டாவது அண்ணம் ஒன்று கூரைபோல் இருக்கிறது, காற்று அதற்கு மேலாக ஓடித் தொண்டைக்குப் போகும். தொண்டையை அடைக்க ஒரு மடலும் உண்டு. அதனால்தான் தண்ணீருக்குள் வாயைத் திறந்து இரையைக் கவ்விக்கொண்டே அதனால் மூச்சுவிட முடிகிறது. பைட்டோசோருக்கு அப்படி முழுமையான எலும்பு அண்ணம் இல்லை. ஸ்ட்ரோவை நெற்றிக் கராம்புக்குப் பக்கத்தில் வைத்து நேரே கீழே குத்துங்கள். தொண்டை வந்துவிட்டது! மூக்கு அங்கேயே இருக்கும்போது நீளமான குழாய் எதற்கு? ஒரே சிக்கலை இரண்டு குடும்பங்கள் இரண்டு விதமாகத் தீர்த்திருக்கின்றன.

வெட்டுகிற கத்தி கையில் இருக்கும்போதே இன்னும் இரண்டு அடையாளங்கள். பைட்டோசோர்ப் பணிசில் கண்ணுக்கு முன்னால், பக்கவாட்டில் ஒரு துளை போடுங்கள். மண்டையோட்டில் அந்தத் துளை அதற்கு உண்டு, இன்றைய முதலைகளில் மூடிப்போய்விட்டது. வாய் நுனியைச் சற்றுக் கீழே வளைத்துவிடுங்கள். பெரும்பாலான பைட்டோசோர்களுக்கு அந்த நுனியில் பெரிய கோரைப்பற்கள் கொத்தாக இருந்தன. பல்லின் ஓரம் பலவற்றில் கருக்கரிவாள்போல் நுண்ணிய வெட்டுகளோடு இருக்கும், முதலையின் பல் பெரும்பாலும் வழுவழுப்பான கூம்பு.

சரி, பணிசைச் சாப்பிடலாம். கராம்பை எடுத்துவிட்டு.

மூன்றாம் படி: லயத்தில் அளந்து பாருங்கள்

புத்தகத்தில் "7 மீற்றர்" என்று வாசித்தால் மனதில் ஒன்றும் ஏறாது. பழைய லயத்து அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. பன்னிரண்டடி என்றால் ஏறக்குறைய 3.6 மீற்றர்.

இந்தியாவின் பராசூக்கசு என்ற பைட்டோசோர் சுமார் இரண்டரை மீற்றர். கயிற்றை அறைக்குள் நீட்டினால் அது சுகமாகப் படுத்துக்கொள்ளும், வாலைக்கூட மடக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஸ்மைலோசூக்கசு 7 மீற்றரையும் தாண்டும். அதற்கு இரண்டு அறையின் நீளம் வேண்டும், நடுச்சுவரை இடிக்க வேண்டியதுதான். அதன் மண்டையோடு மட்டுமே ஒன்றரை மீற்றருக்கு மேல் என்றால், தரம் ஏழு, எட்டுப் பிள்ளையின் உயரம். வாசலில் சுண்ணாம்பால் வரைந்து ஒரு பிள்ளையைப் பக்கத்தில் படுக்கவைத்துப் பாருங்கள். நாங்கள் வரைந்த அன்று பக்கத்து லயத்து அத்தை தண்ணீர்க் குடத்தோடு அந்தக் கோட்டைச் சுற்றிக்கொண்டு போனார். அதன் மேல் மிதிக்க மனமில்லையாம்.

நான்காம் படி: ரயிலில் காலத்தைப் படியுங்கள்

கோடிக் கணக்கில் வருடம் சொன்னால் தலை சுற்றும். அதனால் நான் ரயில் பாதையை எடுத்துக்கொள்வேன். கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்குச் சுமார் 290 கிலோமீற்றர். பதுளை ஸ்டேசன்தான் இன்று. அங்கிருந்து கொழும்பை நோக்கிப் போகப் போக, ஒரு கிலோமீற்றருக்குப் பத்து இலட்சம் வருடம் பின்னால் போகிறோம்.

மனிதன் தோன்றியது மேடையை விட்டு இறங்கிய முந்நூறு மீற்றரில். டைனோசர்கள் அழிந்தது சுமார் 66 கிலோமீற்றரில், அதாவது பட்டிப்பொலையை ஒட்டி, பாதையின் மிக உயர்ந்த இடத்தில். நானுஓயாப் பக்கம் வரும்போது இன்றைய முதலை வகைகளின் மிகப் பழைய சுவடுகள். அப்புறம் ஹட்டன், நாவலப்பிட்டி, பேராதனை எல்லாம் தாண்டி, கடுகண்ணாவை இறக்கத்தில் 201ஆவது கிலோமீற்றரில்தான் கடைசிப் பைட்டோசோர் நிற்கிறது. அங்கிருந்து றம்புக்கணை, பொல்கஹவெல வழியாக மீரிகமைக்குச் சற்று முன்வரை அவற்றின் ராச்சியம். மலைநாட்டுப் பாறை வெந்த காலத்துக்குப் போக வேண்டுமென்றால் பாதை போதாது, கொழும்பைத் தாண்டிக் கடலுக்குள் இன்னும் 260 கிலோமீற்றர் போக வேண்டும்.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. கடைசிப் பைட்டோசோருக்கும் இன்றைய வகை முதலைகளுக்கும் நடுவில் கடுகண்ணாவையிலிருந்து நானுஓயா வரை இடைவெளி. ஒன்றைப் பார்த்து ஒன்று நடிக்க வழியே இல்லை. ஆற்றோரம் பதுங்கிக் கிடந்து இரை பிடிக்கிற பிழைப்புக்கு அந்த உடம்புதான் தோது, அதனால் அது திரும்பவும் உருவானது.

அவை வாழ்ந்தது ட்ரையாசிக் என்னும் காலத்தின் பிற்பகுதி. கண்டங்கள் எல்லாம் பாங்கேயா என்று ஒரே நிலமாக ஒட்டியிருந்தன. இலங்கையும் இந்தியாவோடும் மடகஸ்காரோடும் அந்தாட்டிக்காவோடும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால்தான் இந்தக் குடும்பத்தின் எலும்புகள் ஜெர்மனி, அமெரிக்கா, மொரோக்கோ, மடகஸ்கார், இந்தியா, தாய்லாந்து, கிரீன்லாந்து என்று உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. அந்தப் பெருநிலம் பிளந்து அத்திலாந்திக் கடல் திறக்கத் தொடங்கியபோது பொங்கிய எரிமலைகள் காற்றையும் கடலையும் கெடுத்தன. அந்தப் பேரழிவில் போனவற்றில் பைட்டோசோர்களும் உண்டு.

ஐந்தாம் படி: ஐந்து பெயர் போதும்

தொடக்கத்தில் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். இந்தக் குடும்பத்தில் பெயர்கள் அடிக்கடி மாறியிருக்கின்றன. ஒரே விலங்குக்கு மூன்று பெயரும், ஒரே பெயருக்குள் மூன்று விலங்கும் கிடக்கும். குடும்பப் பெயரே ஒரு தவறில் பிறந்ததுதான். 1828இல் ஜெர்மனியில் யேகர் என்பவர் கையில் கிடைத்த தாடைத் துண்டில், பல் விழுந்த குழிகளுக்குள் சேறு புகுந்து இறுகியிருந்தது. அந்தச் சேற்று உருண்டைகளைச் செடி மெல்லும் மொட்டைப் பற்கள் என்று நினைத்து "செடிப் பல்லி" என்ற பொருளில் பைட்டோசோரசு என்று பெயர் வைத்தார். இரைதின்னிக்கு இலைதின்னிப் பெயர். பிழை தெரிந்த பின்னும் பெயர் நிலைத்துவிட்டது, இன்றுவரை இந்தக் குடும்பம் அதைச் சுமக்கிறது.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஐந்து: இந்தியாவின் பராசூக்கசு. மெல்லிய ஊசிவாய் கொண்ட மிஸ்ட்ரியோசூக்கசு, இதன் எலும்பு ஆல்ப்ஸ் மலையில் கடற்படிவிலும் கிடைத்திருப்பதால் கடலுக்கும் போயிருக்கிறது. ஜெர்மனியின் நிக்ரோசோரசு, தடித்த வாயும் அதன்மேல் முகடும். ஸ்மைலோசூக்கசு, லயத்து அறைக்கு அடங்காதது. அமெரிக்காவில் முதலில் பெயர் பெற்றவற்றுள் ஒன்றான ரூட்டியோடன், 1856.

இவற்றுள் பராசூக்கசோடு கொஞ்ச நேரம் இருங்கள், நமக்கு மிகக் கிட்டிய சொந்தம் அதுதான். தெலங்கானாவில் பிராணஹிதா, கோதாவரி ஆறுகள் ஓடும் பக்கம் மலேரி என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் செம்மண் படிவுகள் இருக்கின்றன. (மலேரியாவா சேர் என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள்.) அங்கே கிடைத்த துண்டுகளுக்கு 1885இல் லைடெக்கர் என்ற ஆய்வாளர் பராசூக்கசு ஹிஸ்லோப்பி என்று பெயர் வைத்தார். நாக்பூரில் இருந்த ஹிஸ்லோப் என்ற பாதிரியாரின் நினைவாக. அந்தத் துண்டுகளில் வேறொரு விலங்கின் எலும்பும் கலந்திருந்தது பின்னால்தான் தெரிந்தது. நல்லவேளையாக முழு எலும்புக்கூடுகளும் கிடைத்தன. 1978இல் சங்கர் சட்டர்ஜி என்ற ஆய்வாளர் அவற்றை விரிவாக விவரித்தார். அவை கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இருக்கின்றன. புள்ளிவிவரம் படிக்கிற இடத்தில் எலும்புக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நிறுவனர் மகலனோபிஸ் எல்லாவற்றையும் அளக்க வேண்டும் என்றவர், எலும்பையும் சேர்த்து. பிறகு மத்தியப் பிரதேசத்தின் டிக்கி படிவுகளிலும் புதிய வகைகள் கிடைத்தன. அவற்றில் வோல்கனோசூக்கசு ஸ்டாட்டிஸ்டிக்கே என்ற ஒன்று அந்த நிறுவனத்தின் பெயரையே சுமக்கிறது.

திருச்சிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் சாத்தனூர்க் கல்மரத்தைப் பார்க்கலாம், 18 மீற்றர் நீளம். ஆனால் அது கிரிட்டேசியசு காலத்தது, பைட்டோசோர்கள் அழிந்து வெகுகாலம் கழித்து வந்தது. பைட்டோசோரைத் தேடி அங்கே போகாதீர்கள்.

ஆறாம் படி: கொப்பியில் நடுவே ஒரு கோடு

இடதுபக்கம் "எலும்பு சொன்னது", வலதுபக்கம் "நாம் நினைப்பது". வாசிக்கும் ஒவ்வொரு வரியையும் இதில் ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். இந்தப் பழக்கத்தை விட்டால் மூன்றே வாரத்தில் யூடியூப்பில் சொன்னதெல்லாம் உண்மையாகிவிடும்.

எடுத்துக்காட்டு: பைட்டோசோர் என்ன தின்றது? நீண்ட மெல்லிய வாய் என்றால் மீன் என்று எழுதத் தோன்றும். அது வலதுபக்கம். பராசூக்கசின் இரண்டு எலும்புக்கூடுகளின் வயிற்றுப் பகுதியில் மலேரிசோரசு என்ற, ஒரு மீற்றருக்குச் சற்று மேல் நீளமான ஊர்வனவின் எலும்புகள் இருந்தன. அது இடதுபக்கம். அதாவது மெல்லிய வாய்க்காரனும் கரைப் பிராணியைப் பிடித்திருக்கிறான். இன்னொன்று: ரவுசூக்கிட் என்ற பெரிய வேட்டை விலங்கின் தொடையெலும்புக்குள் ஒரு பைட்டோசோர்ப் பல் முறிந்து புதைந்திருந்ததை 2014இல் எழுதினார்கள். பல்லைச் சுற்றி எலும்பு ஆறி வளர்ந்திருந்தது, கடிபட்டது தப்பிப் பிழைத்திருக்கிறது. இதுவும் இடதுபக்கம். "பைட்டோசோர்தான் அந்தக் காலத்து ராசா" என்பது? நீங்களே சொல்லுங்கள்.

நெற்றி மூக்கு எதற்கு என்பதும் வலதுபக்கம்தான். உடம்பு முழுவதையும் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு கண்ணையும் மூக்கையும் மட்டும் வெளியே நீட்டப் பயன்பட்டிருக்கும் என்பது பொருத்தமான ஊகம். எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. ஆனாலும் வலதுபக்கம்.

ஏழாம் படி: சொந்தமுறை கேட்டால்

தேயிலைச் செடியில் உட்கார்ந்திருக்கும் ஓணானுக்கும் முதலைக்கும் நெருக்கம் என்று நினைக்காதீர்கள். முதலைக்கு இன்று உயிரோடு இருக்கும் மிக நெருங்கிய சொந்தம் பறவை. வாசலில் மேயும் கோழி ஓணானைவிடக் கிட்டத்து உறவு. கோழியும் டைனோசரும் ஒரு கிளை, முதலை வழியினர் ஒரு கிளை.

பைட்டோசோர் எந்தக் கிளை? இங்கே ஆய்வாளர்கள் இரண்டு கட்சி. முதலைக் கிளையின் அடியிலேயே பிரிந்த பங்காளி என்பது பழைய கருத்து, இன்றும் பலர் அப்படிச் சொல்கிறார்கள். 2011இல் ஸ்டெர்லிங் நெஸ்பிட் செய்த பெரிய ஒப்பீட்டில், முதலையும் பறவையும் பிரிவதற்கு முன்னமே விலகிப்போன தூரத்துச் சொந்தம் என்று வந்தது. அதன்பின் வந்த ஒப்பீடுகளில் சில அதைப் பழையபடி முதலைப் பக்கமே கொண்டுவந்து வைத்தன. கொப்பியில் இரண்டு மரத்தையும் வரைந்து வையுங்கள். யாராவது ஒன்றை மட்டும் அடித்துச் சொன்னால், அவர் எந்த வருடத்துப் புத்தகம் படித்தார் என்று கேளுங்கள்.

இணையத்தில் படம் எடுக்கும்போது முதலில் மூக்கைத் தேடுங்கள். இப்போது கணினி தானாக வரைந்து தள்ளுகிற படங்கள் நிறைய. அவற்றில் பெயர் பைட்டோசோர் என்றிருக்கும், மூக்கு வாய்நுனியில் இருக்கும். சிலவற்றில் இரண்டு இடத்திலும் இருக்கும். எங்கள் பிள்ளைகள் இப்படிப் பதினான்கு படம் பிடித்திருக்கிறார்கள், வாசிகசாலைச் சுவரில் ஒட்டி, தவறான மூக்கைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருக்கிறார்கள்.

எட்டாம் படி: தெஹிவளைக்குப் போங்கள்

நுவரெலியாக் குளிரில் முதலை கிடையாது. தீவில் இரண்டு வகை உண்டு, சதுப்பு முதலையும் உவர்நீர் முதலையும். காட்டு முதலையைப் பார்க்க ஆற்றோரம் போகச் சொல்லமாட்டேன், மகாவலியின் கீழ்ப்பக்கத்தில் ஆட்களை இழுத்துப்போன கதை எல்லோருக்கும் தெரியும். தெஹிவளை மிருகக்காட்சிசாலை பத்திரம். பாடசாலைச் சுற்றுலா கொழும்புக்குத்தானே போகும், ஆசிரியரிடம் சொல்லி அங்கே அரைமணி கூடுதலாகக் கேளுங்கள். கொழும்பு நூதனசாலை வளவிலேயே இயற்கை வரலாற்று நூதனசாலையும் இருக்கிறது, நேரம் இருந்தால் அதையும் பாருங்கள்.

முதலைத் தொட்டிக்கு முன்னால் நின்று, தண்ணீருக்குமேல் தெரிவதை மட்டும் வரையுங்கள். முன்னால் ஒரு மேடு, மூக்கு. பிறகு வெறும் தண்ணீர். அதற்கப்புறம் இரண்டு மேடுகள், கண்கள். நடுவில் உள்ள வெறும் தண்ணீரின் நீளத்தைக் கண்ணால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதே பக்கத்தில் கீழே, அந்தத் தொட்டியில் பைட்டோசோர் கிடந்தால் என்ன தெரியும் என்று வரையுங்கள். மூக்கும் கண்ணும் சேர்ந்து ஒரே திட்டு, அதற்கு முன்னால் தண்ணீருக்கடியில் எவ்வளவு நீளம் வாய் இருக்கிறது என்று மேலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியவே தெரியாது.

பொறுமையாக நில்லுங்கள். நாங்கள் போன அன்று அது முக்கால் மணி நேரம் அசையவில்லை. சிமெந்துப் பொம்மை என்று முடிவுகட்டிப் பிள்ளைகள் கடலை வாங்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் நின்றேன். மூக்கு மூடியது, மேடு மூன்றும் சத்தமில்லாமல் உள்ளே போயின. திரும்பி வந்தவர்கள் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, பொம்மையை யார் சேர் எடுத்துக்கொண்டு போனது என்றார்கள்.